கால்நடை உடற்கூறியல்: கிருஷ்ணகிரி, தர்மபுரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செமஸ்டர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் கால்நடை மருத்துவ மாணவர்கள் சிலர் நான் மருத்துவராக இருக்கும் கால்நடை மருந்தகத்துக்கு வந்து காலையிலிருந்து மதியம் வரை கூடவே நிற்பார்கள். ஒருவர் ஊத்தங்கரை, ஒருவர் பாலக்கோடு, ஒருவர் தேன்கனிக்கோட்டை. ஊர் வேறானாலும் கேள்விகள் ஒன்றுதான். உடற்கூறியல் தாளில் தடுமாறாத முதலாண்டுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட எழுதி வைத்தால் பலருக்கு உதவும் என்று தோன்றியது.

மாடு, குதிரை, ஆடு, நாய், பன்றி, கோழி என்று ஆறு உடம்பையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அப்படிப் படித்தவர்கள் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். மாட்டை முழுதாகப் படியுங்கள். நம் கல்லூரிகளில் மாட்டை முதலில் வைத்துக் கற்பிப்பதே அதற்காகத்தான். நாளைக்கு உங்கள் கைக்கு வரும் நோயாளிகளில் பெரும்பாலானவை மாடும் ஆடும்தான். பிறகு மற்ற பிராணிகளை எடுக்கும்போது மாட்டிலிருந்து எங்கே மாறுகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

மாறும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எதைத் தின்கிறது? எப்படி ஓடுகிறது? பல், தாடை, வயிறு, குடல் எல்லாம் முதல் கேள்விக்கு விடை. தோள், கால், குளம்பு, முதுகு எல்லாம் இரண்டாவது கேள்விக்கு விடை. இந்த இரண்டுக்கும் அடங்காதவையும் உண்டு. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

முதுகெலும்பு எண்ணிக்கையை எப்படி நினைவில் வைப்பது?

கழுத்தில் எல்லாவற்றுக்கும் 7. எலிக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7. பாலூட்டிகளில் இதற்கு விலக்கு மிகச் சில. மார்புப் பகுதியில் மாடு, செம்மறி, வெள்ளாடு, நாய் நான்குக்கும் 13. குதிரைக்கு 18, பன்றிக்கு 14 அல்லது 15. இடுப்பில் மாட்டுக்கும் குதிரைக்கும் 6, நாய்க்கு 7. இடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள திரிகப் பகுதியில் மாட்டுக்கும் குதிரைக்கும் 5, செம்மறிக்கு 4, நாய்க்கு 3. வால் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

எண்ணைவிட முக்கியம், அதை உயிருள்ள மாட்டில் தொட்டுப் பார்ப்பது. கடைசி விலா எலும்பிலிருந்து விரலை மேலே நகர்த்தி, இடுப்பு முதுகெலும்புகளின் பக்கவாட்டு நீட்சிகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிப் பாருங்கள். மெலிந்த மாட்டில் சுலபமாகத் தெரியும். பின்னாளில் வயிற்றைத் திறக்க விலாப்பக்கத்தை மரக்கச் செய்யும்போது ஊசி போகும் இடங்கள் இவற்றை அடையாளமாக வைத்துத்தான்.

நாட்டு மாட்டின் திமில் எலும்பா, கொழுப்பா?

தசை. ராம்பாய்டியஸ் என்று நீங்கள் படிக்கும் தோள் தசைதான் அங்கே பெருத்து, இடையிடையே கொழுப்பும் சேர்ந்து நிற்கிறது. பென்னாகரம் பக்கம் போனால் ஆலம்பாடிக் காளையின் திமிலைக் கையால் பிடித்துப் பாருங்கள். எலும்பு இல்லாததால் பக்கவாட்டில் அசையும். பக்கத்திலேயே ஜெர்சி கலப்பு மாடு நின்றால் அதன் தோளையும் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடும்.

பல் சூத்திரம் குழப்புகிறது. மாட்டுக்கு மேல் முன்பல்லே இல்லையா?

இல்லை. மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றுக்கும் மேல்தாடையின் முன்பக்கம் பல்லுக்குப் பதிலாகத் தடித்த ஈறு மெத்தை மட்டும்தான். கீழே 8 பல். இந்த எட்டில் ஓரத்தில் இருக்கும் ஜோடி உண்மையில் கோரைப்பல். வெட்டுப்பல் வரிசையில் வந்து சேர்ந்து அதைப் போலவே ஆகிவிட்டது. மொத்தம் 32. ஆண் குதிரைக்கு 40 அல்லது 42. பெண் குதிரைக்குக் கோரைப்பல் பெரும்பாலும் முளைக்காது, அல்லது சிறு முளையாக நின்றுவிடும். நாய்க்கு 42, பூனைக்கு 30, பன்றிக்கு 44.

இதைப் புத்தகத்தில் படிப்பதோடு நிற்காமல் குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு ஒருமுறை விடியற்காலையில் போங்கள். ஒரு பெரியவர் ஆட்டைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, இடது கையால் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் கீழுதட்டை மட்டும் கீழே இழுப்பார். ஒரு நொடிதான். "ரெண்டு பல்லு" என்பார், அல்லது "நாலு பல்லு", "பல்லு போடல". முழு வாயையும் திறக்க அவர் முயல்வதே இல்லை, ஏனென்றால் மேலே பார்க்க ஒன்றும் இல்லை. அவர் எண்ணுவது பால்பல் விழுந்து முளைத்த அகலமான நிலைப்பற்களை. வெள்ளாட்டில் ஒரு வயதைத் தாண்டிய பிறகு முதல் ஜோடி. மாட்டில் சுமார் 2 வயதில் முதல் ஜோடி, பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு ஜோடியாக எட்டும் சேரும். நாட்டு மாட்டில் கொஞ்சம் தள்ளிப்போகும். அவர் பக்கத்தில் நின்று பத்து ஆட்டைப் பார்த்தீர்கள் என்றால் இந்தப் பாடம் முடிந்தது.

நான்கு வயிற்றையும் படத்தில் பார்த்தால் புரிகிறது, உடம்புக்குள் எப்படி அமைந்திருக்கிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். படம் தட்டையானது, வயிறு அப்படியல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை அண்ணனிடம் சொல்லி, ஆட்டுக் குடலை அறுத்துப் பிரிக்காமல் முழுதாக வாங்குங்கள். வீட்டின் பின்பக்கம் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் வையுங்கள். உணவுக்குழல் நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை ஆட்டின் தலைப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பை ரூமன். அது இடது பக்கம் வரும்படி திருப்புங்கள். அதற்கு முன்னால், உதரவிதானத்தை ஒட்டி உட்காரும் சின்னப் பை ரெட்டிகுலம். வலது பக்கம் உருண்டையாக ஒமேசம். அதற்குக் கீழே, வயிற்றின் தரைப்பக்கம் நீளவாக்கில் அபோமேசம்.

இப்போது வெட்டித் திறந்து கழுவுங்கள். ரூமனின் உட்புறம் துவாலைத் துணி போல இருக்கும். இதைத்தான் வீட்டில் போட்டி என்று சமைக்கிறோம். ரெட்டிகுலம் தேன்கூடு. ஒமேசம் ஏடு ஏடாகப் புரட்டும் புத்தகம். அபோமேசம் மட்டும் வழவழப்பாக, சளி பூசியது போல, மடிப்புகளோடு இருக்கும். செரிமான நீர் சுரக்கும் உண்மையான இரைப்பை அதுதான். நாய்க்கும் நமக்கும் இருப்பது இதற்கு இணையான ஒன்று மட்டுமே. மற்ற மூன்றும் ஊறவைத்து நொதிக்க வைக்கும் பைகள்.

ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். மாட்டில் நான்கில் சிறியது ரெட்டிகுலம். ஆட்டில் சிறியது ஒமேசம்.

பிறந்த கன்றில் கணக்கே தலைகீழ். அபோமேசம்தான் பெரியது, ரூமன் சுருங்கிய பை. கன்று ஊட்டும்போது உணவுக்குழலின் முடிவிலுள்ள பள்ளத்தின் உதடுகள் மூடிக் குழாயாகி, பாலை நேராக அபோமேசத்துக்கு அனுப்பிவிடும். சப்பும் செயலே அதைத் தூண்டுகிறது. கன்றின் வாயைப் பிளந்து புனலில் பாலை ஊற்றினால் அந்தக் குழாய் மூடாமல் பால் ரூமனில் விழுந்து புளித்துப்போகும். வீட்டில் யாராவது அப்படி ஊற்றினால் தடுத்து நிறுத்துங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

வயிறு உப்பிய மாட்டுக்கு ஏன் எப்போதும் இடது பக்கமே குத்துகிறார்கள்?

ரூமன் இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வயிற்றுச் சுவரோடு ஒட்டி நிற்பதால். கடைசி விலா, இடுப்பெலும்பின் முனை, மேலே இடுப்பு முதுகெலும்பின் விளிம்பு, இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் தோலுக்கும் தசைக்கும் அடுத்தபடி ரூமன்தான். வலது பக்கம் அதே இடத்தில் குத்தினால் குடலில் போய் முடியும்.

ஒரு மாம்பழப் பருவத்தில் போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. காற்றில் உதிர்ந்த காய்களைத் தின்ற கறவை மாடு, இடது விலாப்பக்கம் முதுகுக்கு மேலே ஏறி நின்றது. நாக்கு வெளியே, வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக. மாட்டுக்காரர் மனைவி கழுத்தைத் தடவிவிட்டபடியே, "டாக்டரம்மா, இங்க ஏதோ உருண்டையா நிக்குது பாருங்க" என்றார். அவர் கை இருந்தது கழுத்தின் இடது பக்கம், கீழ்ப்பகுதியில்.

அந்தக் கை இருந்த இடம் ஒரு பாடம். உணவுக்குழல் தொண்டையில் மூச்சுக்குழலுக்கு மேலே தொடங்கி, கழுத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது இடது பக்கம் இறங்குகிறது. அதனால்தான் விழுங்கும் கவளம் இடது கழுத்துப் பள்ளத்தில் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், சிக்கிய மாங்காயும் அங்கேதான் தட்டுப்படும். மேலே வழி அடைபட்டதால் ஏப்பம் வெளியேறவில்லை, காற்று ரூமனில் நிறைந்துகொண்டே போனது. முதலில் இடது பள்ளத்தில் துளைக்குழாயை வலது முன்னங்கால் முழங்கையை நோக்கிச் சாய்த்து இறக்கிக் காற்றை மெதுவாக விட்டேன். மாடு மூச்சு வாங்கிய பிறகு கழுத்தின் இருபுறமும் விரல்களைக் கொடுத்து, காயை அங்குலம் அங்குலமாக வாய்ப்பக்கம் தள்ளி எடுத்தோம். பச்சை மாங்காய், உள்ளங்கை அளவு, தோலில் ஒரு பல் தடம் கூட இல்லை. மேல் முன்பல் இல்லாத பிராணி கடித்துத் துண்டாக்காமல் அப்படியே விழுங்கியிருக்கிறது.

நுரையோடு உப்பும் வகை வேறு. இளம் பயறுக் கொடியை மேய்ந்தால் வருவது. அதில் காற்று சிறுசிறு குமிழாகச் சிக்கிக் கிடப்பதால் குத்தினாலும் வெளியே வராது. எண்ணெய் கொடுத்து நுரையை உடைக்க வேண்டும். மாணவர்கள் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் குத்தக் கூடாது.

கம்பி விழுங்கிய மாட்டுக்கு இதயம் ஏன் கெடுகிறது?

ரெட்டிகுலத்தின் இடத்தை நினைத்துப் பாருங்கள். மாடு நாக்கால் சுழற்றி அள்ளி விழுங்குவதால் தீவனத்தோடு கம்பித்துண்டு, ஆணி எதுவும் உள்ளே போகும். கனமானவை தேன்கூட்டு அறைகளில் தங்கிவிடும். ரெட்டிகுலம் சுருங்கும்போது கூர்மையான முனை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டி இதய உறை. இடைவெளி சில சென்டிமீட்டர்தான். கட்டிடம் கட்டும் இடங்களை ஒட்டி மேயும் மாடுகளுக்கு இது அதிகம் வருவதை நான் பார்க்கிறேன். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்பதால் ஆட்டில் அபூர்வம்.

குதிரையை எங்கள் ஊரில் எங்கே போய்ப் பார்ப்பது?

கழுதையைப் பாருங்கள். பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றிப் போவதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். பாதை இல்லாத மலைக்கு அரிசியும் அப்படித்தான் போனது. குதிரை உடற்கூறின் பெரும்பகுதியைக் கழுதையிலேயே கற்கலாம்.

ஒற்றைக் குளம்பைப் பாருங்கள். அது நடுவிரல், மூன்றாவது விரல் மட்டும். அதற்கு மேலே நீளமான எலும்பின் இருபுறமும் ஊசி போல இரண்டு மெல்லிய எலும்புகள் தட்டுப்படும். அவை இரண்டாவது, நான்காவது விரல்களுக்குரிய எலும்புகளின் மிச்சம். மாட்டில் மூன்றும் நான்கும் ஒன்றாக இணைந்து ஒரே எலும்பாகி, முன்புறம் ஒரு கோடு மட்டும் இணைந்த தடமாக நிற்கிறது. கீழ்முனையில் மட்டும் இரண்டாகப் பிரியும். முன்னங்கால் உட்புறத்தில் காய்ப்பு போலக் கருத்த தடிப்பு ஒன்று இருக்கும். குதிரைக்கு நான்கு காலிலும் உண்டு, கழுதைக்கு முன்னங்காலில் மட்டும்.

உள்ளே, கழுதைக்கும் குதிரைக்கும் ஒரே வயிறு, அதுவும் சிறியது. நொதித்தல் நடப்பது பின்னால், பெருங்குடலில். வலது பக்கம் பெரிய குடல்வாய்ப் பை, அதற்குப் பிறகு மடிந்து மடிந்து கிடக்கும் பெருங்குடல். இவற்றுக்குப் பித்தப்பை கிடையாது. பித்தம் தொடர்ந்து குடலில் ஒழுகிக்கொண்டே இருக்கும். இவை வாந்தி எடுக்கவும் முடியாது, வயிற்றின் வாய் அவ்வளவு இறுக்கம். இந்த இரண்டும் தேர்வில் வராத ஆண்டு இல்லை.

ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்), குண்டிக்காய் (சிறுநீரகம்) பார்த்து எந்தப் பிராணி என்று சொல்ல முடியுமா?

முடியும், சொல்லத்தான் வேண்டும். சட்டம் தொடர்பான வழக்குகளில் இறைச்சி எந்தப் பிராணியுடையது என்று நம்மிடம் கேட்பார்கள்.

குண்டிக்காயில் தொடங்குங்கள். திராட்சைக் கொத்து போலப் பல மடல்களாக இருந்தால் மாடு. வழவழப்பாக அவரை விதை போல இருந்தால் ஆடு அல்லது நாய். வலது குண்டிக்காய் மட்டும் இதய வடிவில் இருந்தால் குதிரை. தட்டையாக அமுக்கிய அவரை போல இருந்தால் பன்றி.

சுவரொட்டி செம்மறியில் முக்கோணம். வெள்ளாட்டில் ஏறக்குறைய நாற்கரம். மாட்டில் நீண்டு தட்டையான பட்டை, குதிரையில் அரிவாள். கறிக்கடையில் செம்மறியும் வெள்ளாடும் ஒரே நாளில் வெட்டினால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மாட்டின் இடது குண்டிக்காய் இடது பக்கம் இருக்காது என்பதையும் மறக்காதீர்கள். ரூமன் அதை வலது பக்கம் தள்ளிவிடுகிறது. ஆசனவாய் வழியாகக் கைவிட்டுப் பார்க்கும்போது நடுவில் தொங்கும் மடல் மடலான கட்டி ஒன்று கையில் பட்டால் பதறாதீர்கள்.

நஞ்சுக்கொடி விழாதது ஏன் மாட்டில் இத்தனை பெரிய சிக்கல்?

ஒட்டியிருக்கும் விதம் அப்படி. மாட்டின் கருப்பையில் குமிழ் குமிழாக எண்பது, நூறு இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நஞ்சுக்கொடியின் பூப்போன்ற திட்டு, சட்டைப் பொத்தான் போல மாட்டிக்கொண்டிருக்கும். மாட்டில் அந்தக் குமிழ் வெளிப்புறம் உப்பியது, ஆட்டில் கிண்ணம் போலக் குழிந்தது. குதிரையிலும் பன்றியிலும் கருப்பை முழுவதும் பரவலாக ஒட்டும். நாயில் கருவைச் சுற்றி ஒரு பட்டை.

நம் ஊரில் விழுந்த நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். கட்டுவதற்கு முன் அனுமதி கேட்டு ஒருமுறை கழுவி விரித்துப் பாருங்கள். அந்தத் திட்டுகளை எண்ணலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கன்று வீசும் நோய் மனிதருக்கும் தொற்றும்.

கிடாவுக்குச் சிறுநீர் அடைப்பு அதிகம் வருகிறதே?

கிடாவின் குறி நுனியில் புழு போல ஒரு மெல்லிய நீட்சி உண்டு, சிறுநீர்க் கல் முதலில் சிக்குவது அங்கே. எருதில் அந்த நீட்சி கிடையாது. உள்ளே ஆங்கில எழுத்து எஸ் போல வளைந்த இடத்தில் சிக்கும். ஆண் நாயில் குறிக்குள் எலும்பு இருக்கிறது, அதன் பின்னால் சிக்கும். மூன்று பிராணி, மூன்று இடம். அடைப்பை எங்கே தேடுவது என்பதை உடற்கூறுதான் சொல்லித்தருகிறது.

ஊசி போடும் இடத்தில் தவறு நடக்குமா?

நடக்கும். பயிற்சிக் காலத்தில் ஒரு மெலிந்த கன்றின் பின்தொடையில் நான் போட்ட ஊசி நரம்பில் பட்டு, கன்று பல நாள் குளம்பின் முன்பக்கத்தைத் தரையில் தேய்த்து நடந்தது. அந்த நடையை இன்னும் மறக்கவில்லை. இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கும் தடித்த சயாட்டிக் நரம்புக்கு, சதை இல்லாத கன்றில் பாதுகாப்பே இல்லை. அன்றிலிருந்து கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் கழுத்துத் தசையில்தான் போடுகிறேன்.

கோழிக்கும் இதே முறையில் படிக்கலாமா?

கோழியைப் புதிதாகத் தொடங்குங்கள். உதரவிதானம் இல்லை. நுரையீரல் விலாவோடு ஒட்டி அசையாமல் இருக்கும், காற்றை இழுத்து விடுவது காற்றுப்பைகள். மேற்கை எலும்பு உள்ளே பொள்ளல், காற்றுப்பையோடு தொடர்புடையது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அதனால் கோழியை மார்போடு அழுத்திப் பிடித்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். இடது சூலகமும் இடது கருக்குழாயும் மட்டுமே வேலை செய்யும். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஓடு பூசவே போகிறது. கோழியில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஓசூர் மத்திகிரியில் கோழியினத்துக்கென்றே கல்லூரி இருக்கிறது.

செய்முறைத் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்தால் எங்கே தொடங்குவது?

பெயரைச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் எலும்பை உங்கள் உடம்பிலோ பிராணியின் உடம்பிலோ இருப்பது போலப் பிடியுங்கள். தோள்பட்டை எலும்பு என்றால் குழிவான முனை கீழே, மேடு வெளியே, அந்த மேட்டின் இருபுறமும் உள்ள பள்ளத்தில் குறுகியது முன்னால். அப்படிப் பிடித்தவுடன் இடதா வலதா என்பது தானாகத் தெரியும். பிறகு மேட்டின் கீழ்முனையைப் பாருங்கள். கூர்மையாக நீண்டிருந்தால் மாடு அல்லது ஆடு. மேடு கீழே வர வர மறைந்துவிட்டால் குதிரை. இரு பள்ளமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நாய்.

தமிழ்ப் பெயர்கள் தேர்வுக்குத் தேவையில்லையே, எதற்குப் படிக்க வேண்டும்?

தேர்வுக்குத் தேவையில்லை. மாட்டுக்காரர் உங்களிடம் லத்தீன் பேசமாட்டார். "மடிக்காம்பு அடைச்சிருக்கு", "அசை போடல", "நஞ்சு விழல", "வயிறு ஊதிக்கிச்சு" என்றுதான் சொல்வார். தளி, ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வேண்டும். தெலுங்கு பேசும் ஒரு தாத்தா "கடுபு உப்பரம்" என்றபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயிற்றுக் கடுப்பு என்று புரிந்துகொண்டு சாணியைப் பார்க்கப் போனேன். தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. கன்னடக்காரர் அதையே "ஹொட்டே உப்பர" என்பார். இரண்டுக்கும் பொருள் வயிற்று உப்புசம், நீங்கள் போய் நிற்க வேண்டியது மாட்டின் இடது பக்கம்.